‘ஸ்பொராடிக்’ என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாளுவது எப்படி?

போட்டித் தேர்வுக்காகச் சேலத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருபவர்களில் பலர், ‘ஸ்பொராடிக்’ என்பதற்குச் ‘சிதறிய’ என்று பொருள் எழுதி வைத்துக்கொண்டு, மேசைமேல் சிதறிக் கிடக்கும் தாள்களுக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது ‘ஸ்கேட்டர்டு’ (scattered) என்ற சொல். ‘ஸ்பொராடிக்’ (sporadic) என்பதோ ஒழுங்கின்றி, எப்போதாவது அரிதாக நிகழ்வதைக் குறிப்பது.

முதல் படி: ‘ரா’ என்னும் அசையில் அழுத்தம் கொடுத்து உச்சரியுங்கள்.

இரண்டாம் படி: ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியை மூடிவிட்டு, கற்போருக்கான ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ஒற்றைச் சொல்லில் பொருள் சொல்லி முடித்துவிடும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. மேற்கண்ட குழப்பமே அவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாம் படி: எழுதும் முன் ‘எங்கே?’ என்று கேட்கிறோமா, ‘எப்போது?’ என்று கேட்கிறோமா என்பதைத் தீர்மானியுங்கள். சேர்வராயன் மலைச் சரிவுகளில் ஆங்காங்கே இருக்கும் காப்பித் தோட்டங்கள் ‘எங்கே?’ என்பதற்கு விடை. ஆகவே அவை ‘ஸ்கேட்டர்டு’. ஏற்காட்டில் ஒருநாள் பெய்து, சில நாள் ஓய்ந்து, எதிர்பாராத நேரத்தில் மறுபடி பெய்யும் மழை ‘எப்போது?’ என்பதற்கு விடை. ஆகவே அது ‘ஸ்பொராடிக்’. வானிலை அறிக்கையில் ‘ஒருசில இடங்களில் மழை’ என்று வருவதன் ஆங்கில வடிவம் ‘ஸ்கேட்டர்டு’ என்பதையும் கவனியுங்கள். அது 26 முதல் 50 விழுக்காடு வரையிலான மழைமானி நிலையங்களில் மழை பதிவாவதைக் குறிக்கும் வரையறை என்பதால், அங்கே சொல்லை மாற்றிப் போட இடமில்லை. ‘ஸ்பொராடிக்’ இடத்தைக் குறித்தும் சில வேளை வரும் என்றாலும், தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காம் படி: வேரைப் பாருங்கள். கிரேக்கத்தில் ‘ஸ்போராஸ்’ என்றால் சிதறியது. அதற்கு மூலமான ‘ஸ்பெய்ரெய்ன்’ என்ற வினைக்கு விதைத்தல், தூவுதல் என்று பொருள். புலம்பெயர்ந்தோரைக் குறிக்கும் ‘டயஸ்போரா’வும், காளான் வித்தான ‘ஸ்போர்’ என்பதும் இதே வேரில் கிளைத்தவை. ஏஜியன் கடலில் டெலோஸ் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்தவற்றைச் ‘சைக்ளடீஸ்’ என்றும், அந்த வட்டத்துக்கு வெளியே சிதறிக் கிடந்தவற்றை ‘ஸ்போரடீஸ்’ என்றும் கிரேக்கர்கள் அழைத்தனர். இடத்தைச் சுட்டிய இச்சொல், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது மருத்துவச் சொல்லாக இருந்தது. கொள்ளைநோயாகப் பரவாமல் அங்கொருவருக்கும் இங்கொருவருக்குமாக வரும் நோயை அது குறித்தது. காலத்தைச் சுட்டும் இன்றைய பொருள் அதன் பிறகே வலுப்பெற்றது.

பிற்சேர்க்கை: ‘இன்டர்மிட்டன்ட்’ என்பதும் இதுவும் ஒன்றா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். விட்டுவிட்டு வருவது எதுவாயினும், அது ஒழுங்கான இடைவெளியில் வந்தாலும்கூட, ‘இன்டர்மிட்டன்ட்’ எனலாம்; ‘ஸ்பொராடிக்’ என்பதற்கோ ஒழுங்கின்மையும் அரிதாக நிகழ்தலும் வேண்டும். ஒரே நோயாளிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மலேரியாக் காய்ச்சல் ‘இன்டர்மிட்டன்ட்’. ஊரில் எப்போதோ ஒருவருக்கு மலேரியா வருமானால் அந்த நேர்வு ‘ஸ்பொராடிக்’.