பருவ நாட்காட்டி வரைவது எப்படி? ஜனவரியில் தொடங்காதீர்கள்

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண்மை படிப்பவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும். அங்கே செய்யும் வேலைகளில் ஒன்று பருவ நாட்காட்டி. மழை, விதைப்பு, தீவனத் தட்டுப்பாடு, கடன் எல்லாம் எப்போது வருகின்றன என்பதை ஊர்க்காரர்களே வரைந்து காட்டுவார்கள்.

1. அரசமரத்து மேடையில் உட்காருங்கள். ஊர்க்காரர்கள் பால் சங்கத்தில் பால் ஊற்றப் போகும் நேரம் வேண்டவே வேண்டாம். சார்ட் தாளும் மார்க்கரும்கூட வேண்டாம் என்பேன். பேனா பிடித்தவர் மட்டுமே பேசுவார். கோலமாவால் தரையில் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுங்கள். எந்தக் காலத்தில் அதிகமோ அந்தக் கட்டத்தில் அதிகக் கொட்டை வைக்கச் சொல்லுங்கள். தவறாக வைத்ததை நகர்த்தி வைப்பதும் எளிது.

2. அடுத்தது கட்டங்கள். எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வீணானது இங்கேதான். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டம் போட்டு, "ஜூலையில் மழை எப்படி?" என்று கேட்டேன். கொட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு அஜ்ஜி (பாட்டி) கன்னடத்தில் திருப்பிக் கேட்டார்: "யாவ மளே?" எந்த மழை என்று கேட்கிறார்!

இங்கே மழைக்குப் பெயர் உண்டு. சூரியன் நிற்கும் நட்சத்திரம்தான் அந்தப் பெயர். ஒவ்வொன்றும் பதின்மூன்று, பதினான்கு நாள். ஜூன் 8 வாக்கில் மிருகசீரிடம், 22 வாக்கில் திருவாதிரை, ஜூலை 6 வாக்கில் புனர்பூசம், 20 வாக்கில் பூசம். நமக்குத் தெரிந்த பெயர்கள்தாம். திருவாதிரை இங்கே ஆரித்ரா, பூரம் புப்பா. ஜூலை என்று ஒரே கட்டம் போட்டால் மூன்று மழை அதற்குள் மறைந்துவிடும். எந்த மழை பொய்த்துக் கேழ்வரகு விதைப்பு தள்ளிப்போனது என்பது தெரியாமலே போகும். கோடுகளை அழித்து, மழைப் பெயர்களால் கட்டம் போட்டேன். அஜ்ஜி குனிந்து, தயங்காமல் கொட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

3. "போன வருடமா, வழக்கமாகவா?" என்று ஒவ்வொரு வரிசையிலும் கேளுங்கள். பெண்களிடம் தனியாக இன்னொரு நாட்காட்டி வாங்குங்கள். களையெடுப்புக்கு ஆண்கள் வைத்த கொட்டைகளையும் பெண்கள் வைத்தவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

4. கலைப்பதற்கு முன் படம் எடுத்து, நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இளைய விவசாயிகளுக்கு மழைப் பெயர்கள் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஜூனியர் மாணவி ஒருவர் கேட்டார். மழை நட்சத்திரம் அச்சிட்ட கன்னடக் காலண்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தேதியைக் காட்டினால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.