காய்ச்சலும் தடிப்புமாகக் கிடக்கும் பிள்ளைக்குச் செய்யக் கூடாதவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் காய்ச்சலோடு தடிப்பு கண்ட பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். புதிதாகத் தாயானவர்கள் முன்பு மற்றவர்கள் செய்த தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். கை கழுவுவதும் நகம் வெட்டுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

மெடிக்கலில் "பவரான" சிரப் கேட்பது

ஆத்திரம் வரவைப்பது இதுதான். பாராசிட்டமால் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் சூடு தணியவில்லை என்றதும் கடைக்கு ஓடுகிறார்கள். "இது கேக்கல, வேற குடுங்க" என்றால் கைக்கு வருவது பல சமயம் இபுப்ரோஃபென் அல்லது மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப். காய்ச்சல் சட்டென்று இறங்குவதால் அதற்கு நல்ல பெயர்.

வந்திருப்பது டெங்கு என்றால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மருந்து மிச்சமிருப்பவற்றின் வேலையையும் கெடுத்து, வயிற்றில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். சின்னம்மையில் இபுப்ரோஃபென் கொடுத்தால் கொப்புளத்தில் புகுந்த கிருமி சதை வரை இறங்கும் ஆபத்து கூடுகிறது. மெஃபெனமிக் அமிலத்தால் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பரில், மருந்துகளின் தரத்தை வகுக்கும் அரசு அமைப்பான இந்திய பார்மகோபியா ஆணையமே எச்சரித்தது.

பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. லேபிளில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றிருந்தால் 6 மி.லி.; 250 மி.கி. என்றால் 3 மி.லி. டிராப்ஸில் 1 மி.லி.க்கே 100 மி.கி., ஆகவே ஒன்றரை மி.லி.தான். சிரப்பில் பழகிய கை டிராப்ஸையும் 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். வேளைக்கு வேளை இப்படிப் போனால் கல்லீரல் தாங்காது.

காய்ச்சல் விட்டதும் அசந்துவிடுவது

டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் விடும்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். கண்ணாடி டம்ளரைத் தடிப்பின்மேல் அழுத்திப் பாருங்கள். அப்போதும் மறையாத சிவப்புப் புள்ளி, தோலுக்குள் கசிந்த ரத்தம். இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடாத வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிடுவது இருந்தால், புள்ளி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான்.

"மருந்து சேரவில்லை" என்று முடிவுகட்டுவது

ரோசியோலா என்ற, கைக்குழந்தைகளுக்கு வரும் வைரஸ் காய்ச்சலில் மூன்று நாள் கொதித்த காய்ச்சல் விட்ட பிறகுதான் நெஞ்சிலும் முதுகிலும் வெளிர்சிவப்புப் புள்ளிகள் வரும். முன்னதாக பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்திருந்தால் பழி அதன்மேல் விழும். பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு பிள்ளை வளர்ந்த பிறகும் சீட்டில் தங்கிவிடும்.

குளிப்பாட்டாமல் வைப்பது

தினமும் வெதுவெதுப்பான நீர். வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும், கொப்புளத்தின்மேல் தேய்க்க வேண்டாம்.

தட்டம்மைக்கு வேண்டுதலோடு நிறுத்திக்கொள்வது

புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரிடம் வைட்டமின் ஏ-யும் கேளுங்கள். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், அடுத்தடுத்து இரண்டு நாள். பார்வையைக் காப்பது அது.

சின்னம்மை வீட்டில் கர்ப்பிணி

இதுவரை சின்னம்மை வராதவர் என்றால் அன்றே மருத்துவரிடம்.