மனு எழுதும் முன் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள்

மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) இணையதளத்தில் 10 ரூபாய் கட்டுவதற்கு முன், உங்கள் விஷயம் யார் பொறுப்பு என்று அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பாருங்கள். மாநிலத் துறைக்கான மனுவை அங்கே போட்டால் திருப்பிவிடுவார்கள், கட்டணம் திரும்ப வராது.

அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிப்பது அந்த அட்டவணைதான். ரயில்வே, அஞ்சல், வங்கி, பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை மத்தியப் பட்டியல். காவல்துறை, நிலம், பொது சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியல். பலரும் தடுமாறுவது பொதுப் பட்டியலில்தான்: மின்சாரம், கல்வி, காடு போன்றவை அதில் இருக்கின்றன. (கல்வியும் காடும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து இங்கே வந்தவை. பழைய பாடப்புத்தகத்தை நம்ப வேண்டாம்.) பொதுப் பட்டியலில் இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். ஆனால் நாடாளுமன்றச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை நிர்வாகம் மாநிலத்திடமே இருக்கும் என்பதை அரசியலமைப்பின் 73, 162-ஆவது பிரிவுகள் காட்டுகின்றன. அதனால் சந்தேகம் வந்தால் மாநிலத் துறையில் தொடங்குவதே நல்லது.

புதுச்சேரி போன்ற யூனியன் பிரதேசங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மாநிலப் பட்டியல் விஷயங்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். கேந்திரிய வித்யாலயா போல மத்திய அரசே நடத்தும் நிறுவனம் என்றால், பட்டியல் எதுவானாலும் மனு மத்திய அரசுக்குத்தான்.