கிராண்டியோஸ்: எங்கே எழுதலாம், எங்கே எழுதினால் மானம் போகும்

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் நிற்கிறது. பின்னேரம் நாலரைக்கு இருபது பிள்ளைகள் வந்து வாங்குகளில் நெருக்கியடித்து இருப்பார்கள். ஓ.எல் ஆங்கிலத்துக்கும் ஏ.எல் பொது ஆங்கிலத்துக்கும் நான்தான் சேர். மாரி மழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் நான் கத்துவது முன் வாங்குக்கே கேட்காது. அன்றைக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுக் கொப்பி திருத்துவேன்.

அப்படி ஒரு மழை நாளில்தான் ஒரு பொடியனின் கொப்பியில் இந்த வசனம் கிடந்தது: "அவர் ஸ்கூல் ஹாட் எ கிராண்டியோஸ் பிரைஸ் கிவிங்." பரிசளிப்பு விழா சிறப்பாக நடந்தது என்று சொல்ல வந்திருக்கிறான். ஆங்கிலம் தெரிந்தவர் வாசித்தால், "எங்கள் பள்ளிக்கூடம் தகுதிக்கு மிஞ்சிப் படம் காட்டியது" என்றுதான் எடுப்பார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"கிராண்ட் எண்டால் பெரிசு தானே சேர். கிராண்டியோஸ் எண்டால் அதைவிடப் பெரிசு."

"ஆர் சொன்னது?"

"சொல்லைப் பார்க்கவே தெரியுது சேர். நீளமாக் கிடக்கு."

அவனுக்கு ஏச வாய் வரவில்லை. இதே பிழையை நான் முப்பது வயது தாண்டிய பிறகு செய்திருக்கிறேன்.

2011ஆம் ஆண்டு. மீள்குடியேறி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த காலம். ஊருக்கு ஊர் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஓடித் திரிந்தன. நாலு வசனம் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவனெல்லாம் புரொபோசல் எழுதுகிறவன் ஆகிவிட்டான். நானும் ஆனேன். எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு வாசிகசாலை கட்ட உதவி கேட்டு, குப்பி விளக்கில் இரண்டு இரவு குந்தியிருந்து எழுதினேன். முதல் வசனம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, "வி ஹாவ் எ கிராண்டியோஸ் பிளான் ரு பில்ட் எ லைப்ரரி" என்று தொடங்கினேன். நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் எனக்கு முன்னால் இருந்தே வாசித்தார். முதல் வரியிலேயே பென்சில் நின்றது. கிராண்டியோஸுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஆர் யூ ஷுவர்?" என்றார். காசுத் தொகையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "யெஸ், வெரி ஷுவர்" என்றேன்.

கடைசியில் ஒரு அலுமாரியும் இரண்டு பெட்டி புத்தகமும் வந்தன. அந்தப் பெட்டிக்குள் இருந்த அகராதியில்தான் சொல்லைத் தேடிப் பார்த்தேன். நானே என் திட்டத்தை "விரலுக்கு மிஞ்சின வீக்கம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கும் பொடியனுக்கும் பிழை வந்த இடம் ஒன்றுதான். இரண்டு பேரும் மனதுக்குள் அதைப் "பிரமாண்டம்" என்று மொழிபெயர்த்து வைத்திருந்தோம். தமிழில் பிரமாண்டம் என்றால் பாராட்டு. பிரமாண்டமான திறப்பு விழா என்று நோட்டீஸ் அடிப்போம், பிரமாண்டமான பந்தல் என்று வாய் பிளப்போம். அதற்கெல்லாம் ஆங்கிலத்தில் கிராண்ட் போதும். கடைத் திறப்பு விழாவுக்கு கிராண்ட் ஓப்பனிங் என்று அடித்தால் சனம் வரும். கிராண்டியோஸ் ஓப்பனிங் என்று அடித்தால் சொந்தக் கடையைச் சொந்தக் காசில் நக்கலடித்ததாகிவிடும்.

சொல்லின் பூர்வீகம் அப்படி மோசமானது இல்லை. இலத்தீனில் கிராண்டிஸ் என்றால் பெரியது. அதிலிருந்து இத்தாலியில் கிராண்டியோசோ பிறந்து, பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலிக்காரருக்கு இன்றைக்கும் அது கம்பீரமான சொல். மேற்கத்திய இசைத்தாளில் கிராண்டியோசோ என்று எழுதியிருந்தால், அந்த இடத்தைக் கம்பீரமாக வாசி என்று கருத்து. ஆங்கிலத்துக்கு வந்த பிறகுதான் முகம் மாறியது. பெரிய கட்டடத்தையோ காட்சியையோ பார்த்து மலைத்து எழுதுகிறவர் சில வேளை பழைய நல்ல கருத்தில் எழுதுவதுண்டு. அகராதியும் அந்தக் கருத்தைக் கொடுக்கும். ஆனால் சோதனைத் தாளிலோ வேலை விண்ணப்பத்திலோ அதை நம்பி இறங்காதீர்கள். வாசிக்கிறவர் கெட்ட கருத்தைத்தான் முதலில் எடுப்பார். இதே வாலோடு வருகிற வெர்போஸ், பெலிகோஸ் என்ற சொற்களையும் பாருங்கள். ஒன்று வளவளவென்று பேசுவது, மற்றது சண்டைக்கு நிற்பது. இரண்டுக்கும் நல்ல பெயர் இல்லை.

சரி, தமிழில் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இதற்குள் இறங்குவது? பேராசை பொருந்தாது, அது காசு பண்டத்தில் வைக்கிற ஆசை. மனக்கோட்டை கிட்ட வரும். ஆனால் மனக்கோட்டையை ஒருவரும் அறியாமல் பாயில் படுத்துக்கொண்டே கட்டலாம். கிராண்டியோஸ் வெளியில் தெரிய வேண்டும், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். படாடோபத்தில் காட்டுகிற குணம் இருக்கிறது, பெரிதாக ஒன்றைச் செய்யப் போகிற நினைப்பு இல்லை. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது எங்கள் ஊர்ச் சொல்தான்: "பெரிய எடுப்பு." பெரிய எடுப்பில் தொடங்கினவர் என்று எங்கள் அம்மா ஒருவரைப் பற்றிச் சொன்னால், அந்த வேலை அரைவாசியில் நிற்கிறது என்று கேட்காமலே விளங்கும். ஆசை, ஆரவாரம், கேட்கிறவரின் நக்கல் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கில வசனத்தை எழுதிவிட்டு, அந்த இடத்தில் "பெரிய எடுப்பு" என்று போட்டு வாசித்துப் பாருங்கள். பொருந்தினால் கிராண்டியோஸ் பொருந்தும். பரிசளிப்பு விழாவுக்குப் போட்டுப் பாருங்கள், அதிபர் கூப்பிட்டு விசாரிப்பார்.

அடுத்து, திட்டத்தைப் பார்த்த கண்ணாலேயே திட்டக்காரரின் பொக்கற்றையும் பார்க்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது கச்சான் விற்கிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற வருசம் இன்னொரு கடை போட்டு மகளை இருத்தப் போகிறேன் என்கிறார். அது ஆம்பிஷஸ், உழைத்தால் எட்டக்கூடிய பெரிய ஆசை. கச்சான் வறுக்கத் தெரியும், ஏ9 வீதியில் போகிற வாகனம் அந்த இடத்தில் நிற்காமல் போகாது என்றும் தெரியும், கையில் சீட்டுக் காசு இருக்கிறது. அதே கச்சானைப் பஸ்சுக்குள் இருந்து கொறித்துக்கொண்டு வருகிற ஒருவர், அடுப்புப் பக்கமே போகாதவர், ஆறு மாதத்தில் ஐரோப்பா முழுக்க முறிகண்டிக் கச்சான் ஏற்றுமதி செய்யப் போகிறேன் என்று பக்கத்து சீற்றுக்குச் சொல்கிறார். கிராண்டியோஸ் அவருக்கு உரியது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை.

எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்று கேட்பீர்கள். பிளான், ஸ்கீம், புரொஜெக்ற், விஷன், ஐடியா, கிளெயிம் இவற்றோடு தாராளமாக. ரைட்டில் என்பதோடும் சேரும். என் மச்சான் ஒருவர் பழைய லாண்ட்மாஸ்ரர், அதாவது இரண்டு சில்லு உழவு மெஷின், ஒன்று வாங்கி உழவுக்கு விடுகிறார். அதன் பெட்டியில் எழுதியிருக்கிற பெயர் "இன்டர்நேஷனல் அக்ரோ ஹோல்டிங்ஸ்". மச்சானின் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, காலபோகத்துக்கு ஏக்கர் கணக்கில் உழுது காசு பார்க்கிறார். அந்தப் பெயர்தான் எ கிராண்டியோஸ் நேம். ஆளைத் தொடாமல் பெயரை மட்டும் தொட வேண்டும் என்றால் இப்படித் தொடலாம்.

ஆளைத் தொடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. "ஹி இஸ் கிராண்டியோஸ்" என்று நேரே ஒருவரைச் சொல்லாமல் விடுவது நல்லது. மனநல வைத்தியர்களிடம் அது நோய்க்குறியைச் சொல்கிற சொல். மேனியா என்ற நிலையில் ஒருவர் தன்னை எல்லை மீறி உயர்வாக நினைப்பதை கிராண்டியோஸிற்றி என்று எழுதுவார்கள். தனக்குத் தெய்வ சக்தி வந்துவிட்டது, தான் நாட்டை ஆளப் பிறந்தவன் என்று அசைக்க முடியாமல் நம்பினால் அது கிராண்டியோஸ் டெலூஷன். பக்கத்து வீட்டுக்காரரின் வாய்ச்சவடாலுக்கு நோயாளியின் சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை. "ஹி ஹாஸ் கிராண்டியோஸ் ஐடியாஸ்" என்றால் போதும், ஐடியாவுக்கு அடி விழும், ஆள் தப்பிவிடுவார்.

சொந்தத் திட்டத்துக்கு இந்தச் சொல்லைப் பாவிக்கவே கூடாதா? நான் செய்த மாதிரிப் பாவிக்கக் கூடாது. ஆனால் மறுத்துச் சொல்லும்போது அழகாக இருக்கும். கனடாவில் இருக்கிற அண்ணை ஒருவர் போனில், "என்ன, அக்கடமி திறந்திருக்கிறியாம்?" என்று கேட்டார். "நத்திங் ஸோ கிராண்டியோஸ், அண்ணை. தகரக் கொட்டில்" என்றேன். அவ்வளவு பெரிய எடுப்பெல்லாம் இல்லை என்று கருத்து. இங்கே சொல் முழு உயிரோடு நிற்கிறது, சொல்கிறவருக்கும் அடக்கமானவர் என்று பெயர். இன்னொரு வழி, முடிந்துபோன பழைய திட்டத்தைப் பார்த்து நாமே சிரிப்பது: "மை கிராண்டியோஸ் பிளான் என்டட் வித் வன் அலுமாரி." சிரிக்கத் தயார் என்றால் மட்டும்.

பிள்ளைகள் அதிகம் சண்டை பிடிக்கிற பயிற்சி ஒன்று வைத்திருக்கிறேன், அது தண்ணீரைப் பற்றியது. கனகராயன் ஆறு இங்கே இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சம் ஆனையிறவுக் களப்பில் விழுந்து கடலுக்குப் போகிறது. அந்த நன்னீரைக் களப்பில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் களப்புக்கும் உப்பாற்றுக்கும் கொண்டு போனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் உவர் குறையும் என்று 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் போட்டார். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று அதற்குப் பெயர். சில வேலைகள் நடந்தன, முழுதாக முடியவில்லை. இது ஆம்பிஷஸா, கிராண்டியோஸா?

பெயரை மட்டும் கேட்கிற பிள்ளை கிராண்டியோஸ் என்று கையைத் தூக்கிவிடும். ஆறே இல்லாத ஊருக்கு ஆறாம்! நான் அதற்குப் புள்ளி கொடுப்பதில்லை. அந்த மனிதர் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துப் போட்ட திட்டம் அது. முடியாமல் போன எல்லாத் திட்டமும் கிராண்டியோஸ் ஆகாது. தொடங்கும்போதே கணக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு இரணைமடுவிலிருந்தே யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு போகிற பேச்சு வந்தபோது, இங்கே கமக்காரர் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாமல் போகும் என்று பயந்து எதிர்த்தார்கள். பயிற்சியின் இரண்டாம் பகுதி அதுதான்: ஒரே திட்டத்தைப் பற்றி இரண்டு வாயால் இரண்டு வசனம் எழுத வேண்டும். திட்டக்காரரின் வாயில் ஆம்பிஷஸ் என்று வரும், வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு நிற்கிற கமக்காரரின் வாயில் கிராண்டியோஸ் என்று வரும். இந்தச் சொல் திட்டத்தைப் பற்றிச் சொல்கிற அளவுக்குச் சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சொல்லிவிடும். செய்தி எழுதப் போகிற பிள்ளைகள் இதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுநிலையாக எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம்.

பொம்பஸ் என்பதோடு குழப்பாதீர்கள், அது பேச்சிலும் நடையிலும் உள்ள மிதப்பு. மேடையில் தலைமையுரையை ஒரு மணித்தியாலம் இழுக்கிறவர் பொம்பஸ். அவரிடம் திட்டம் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம்.

உச்சரிப்புச் சின்ன விசயம். அழுத்தம் முதல் அசையில், கிரான். கடைசி எஸ்ஸை இசட் ஆக்காமல் பாம்பு சீறுவது போல விடுங்கள். கூட்டிச் சொல்ல மோர் கிராண்டியோஸ், குறைத்துச் சொல்ல லெஸ் கிராண்டியோஸ். வெரி தேவைப்படாது, சொல்லே போதுமான அளவு வீங்கித்தான் இருக்கிறது.

அந்தப் பொடியனுக்கு மூன்று வசனம் வீட்டு வேலையாகக் கொடுத்தேன். இரண்டு சுமார். மூன்றாவது: "மை கசின் ஹாஸ் எ கிராண்டியோஸ் பிளான் ரு கெற் நைன் ஏஸ் வித்தவுட் ஓப்பனிங் எ புக்." புத்தகமே திறக்காமல் ஒன்பது ஏ எடுக்கப் போகிறானாம். முழுப் புள்ளி போட்டேன். கசின் இரண்டாம் வாங்கில்தான் இருந்தான், அதனால் கொப்பியை மூடித்தான் திருப்பிக் கொடுத்தேன்.