பேட்டரி செத்த காரின் கதவைத் திறப்பது எப்படி?

விமான நிலையத்தில் காரைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் காரை அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் தூங்கவிடுகிறவர்கள், நிறுத்திய பிறகும் டேஷ்கேமை ஓடவிடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு நாள் இது நடக்கும். ரிமோட்டை அழுத்தினால் சத்தமில்லை, கைப்பிடியைத் தொட்டால் அசைவில்லை. உடனே சாவிக்காரரைக் கூப்பிடாதீர்கள், கண்ணாடி இடுக்கில் கம்பியை விட்டு நோண்டவும் வேண்டாம். மின்சாரமே தேவைப்படாத ஒரு சாவி அநேகமாக உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதலில் செத்தது எது என்று பாருங்கள். ரிமோட்டை அழுத்தும்போது அதிலிருக்கும் குட்டி விளக்கு எரியவில்லையென்றால் பிரச்சினை அநேகமாக ரிமோட்டின் பேட்டரியில். அது எரிகிறது, ஆனால் கார் கண்டுகொள்ளவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தால் டேஷ்போர்டில் வழக்கமாகக் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கும் அணைந்து கிடக்கிறது என்றால் காரின் 12 வோல்ட் பேட்டரிதான் போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: சில இடங்களில் அலைவரிசை இடைஞ்சலால் நல்ல ரிமோட்டே வேலை செய்யாது. பக்கத்துக் கார்க்காரரும் உங்களைப் போலவே அழுத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். எதுவானாலும் கதவு திறக்கும் வழி ஒன்றுதான்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம். காருக்குள் குழந்தை இருந்தால் கீழே எழுதியிருப்பது எதையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 999-க்கு அழையுங்கள், பொம்பா (மலேசியத் தீயணைப்பு மீட்புப் படை) வரும். நம் ஊர் வெயிலில் அதுவரை காத்திருக்க முடியாது, குழந்தை துவண்டுவிட்டது என்று தெரிந்தால், குழந்தைக்குத் தூரமாக இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான கனமான பொருளால் அடியுங்கள். முன்கண்ணாடியை அடிக்காதீர்கள், அது விரிசல் விடுமே தவிர வழிவிடாது.

சரி, சாவிக்கு வருவோம். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளின் ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள், ஓரத்திலோ பின்பக்கமோ சின்னதாக ஒரு தள்ளு பொத்தான் இருக்கும், அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இழுத்தால் உள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி வரும். ஐந்தாறு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது, விற்பவர் சொல்வதில்லை, நாமும் கையேட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்து துவாரம். கன்சில், விரா மாதிரிப் பழைய மலேசியக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, கண்முன்னே இருக்கும். புது வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநர் கதவின் கைப்பிடிக்குப் பின்னால் காரின் நிறத்திலேயே ஒரு மூடி போட்டு மறைத்திருப்பார்கள். அந்த மூடியின் அடியில் விரலால் தடவுங்கள், ஒரு சின்னப் பிளவு தட்டுப்படும், சாவியின் நுனியை அதில் விட்டு மெதுவாக நெம்பினால் மூடி கழன்றுவிடும். சிலவற்றில் கைப்பிடியை இழுத்துப் பிடித்தால்தான் துவாரமே தெரியும். மற்ற கதவுகளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பெரும்பாலும் இந்த ஒரு கதவில்தான் இருக்கும்.

பல வருடம் சாவி படாத பூட்டு இறுகித்தான் இருக்கும். ஒரு பக்கம் திரும்பாவிட்டால் மறுபக்கம் திருப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் முரட்டுத்தனம் கூடாது, மெல்லிய சாவி உள்ளேயே முறிந்தால் அப்புறம் நிஜமாகவே சாவிக்காரர் வேண்டும். துவாரத்துக்குள் டபிள்யூடி-40 கொஞ்சம் பீய்ச்சி, சாவியை உள்ளே வெளியே இழுத்து, ஒரு நிமிடம் விட்டுத் திருப்புங்கள்.

கார் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் அந்த ஒரு கதவு மட்டும் திறக்கும், மற்றவற்றை உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்துத் திறக்கலாம். போனட்டைத் திறக்கும் நெம்புகோல் பெரும்பாலும் கேபிளில் இயங்குவது, அதற்கு மின்சாரம் வேண்டாம். பின்பக்கச் சாமான் பெட்டியான பூட்டின் கதவுதான் தொல்லை. பொத்தானால் திறப்பது திறக்காது, இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிள் அதற்குள் இருந்தால் பின் இருக்கையைச் சாய்த்துத் தவழ்ந்துதான் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் கேபிளை இருக்கைக்கு அடியில் வைப்பதே புத்திசாலித்தனம்.

ரிமோட் பேட்டரி மட்டும்தான் போயிருந்தால் காரை ஸ்டார்ட் செய்யவே முடியும். பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டவைத்து அழுத்துங்கள், உள்ளிருக்கும் சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. சில கார்களில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். பிறகு ஏதாவது ஒரு கடையில் பேட்டரி வாங்கிப் போடுங்கள், பெரும்பாலும் சிஆர்2032, பழையதின் முதுகில் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரி என்றால் ஜம்ப் ஸ்டார்ட், அதாவது இன்னொரு காரின் நல்ல பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்வது. சிவப்பு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு நல்லதன் மைனஸில், கடைசிக் கறுப்பு செத்த காரின் இஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேட்டரி இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் ஜம்ப் செய்து ஓட்டிக்கொண்டு திரிவதைவிட மாற்றிவிடுவது மேல், பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டித்தரும் ஆட்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தாராளமாக இருக்கிறார்கள்.

டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன சாவிக் கதை பொருந்தாது, துவாரமே கிடையாது. முன்பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தின் மூடியைக் கழற்றினால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் இருக்கும், அவற்றுக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்பக்கப் பெட்டி திறக்கும், அங்கிருக்கும் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும்.

எதற்கும் வழியில்லாமல் சாவிக்காரரையே கூப்பிட வேண்டியதானால் மைகார்டு என்னும் அடையாள அட்டையோடு, சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் உங்கள் வண்டியின் விவரத்தையும் எடுத்து வைத்திருங்கள். ஒழுங்கான ஆள் கார் உங்களுடையதுதானா என்று கேட்பார். கேட்காத ஆளிடம் எனக்கு நம்பிக்கையில்லை. வேலையைத் தொடங்குமுன் கூலியையும் பேசிவிடுங்கள்.

பேட்டரியை மாட்டியதும் அலாரம் அலறலாம், பதறாமல் ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள், அல்லது காரை ஸ்டார்ட் செய்யுங்கள். முக்கியமாக, மாட்டும் நேரத்தில் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், ஏனென்றால் சில கார்கள் மின்சாரம் வந்ததுமே எல்லாக் கதவையும் தானாகப் பூட்டிக்கொள்ளும்.