எலும்புக் குவியலை வாசிப்பது எப்படி? பைசன் வேட்டைக் களங்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

பைசன் என்றதும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டுமாடு நினைவுக்கு வரலாம். அது வேறு. நான் சொல்வது வட அமெரிக்கப் புல்வெளிகளில் திரிந்த, பிடரியில் ரோமம் அடர்ந்த பைசன். குதிரையும் துப்பாக்கியும் இல்லாத காலத்தில் அதைக் கூட்டங்கூட்டமாக வேட்டையாடியிருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால், பிளாக்ஃபுட் போன்ற பூர்வகுடி மக்களின் வாய்மொழி நினைவுகளோடு எலும்பும் கல்லும் பதில் சொல்கின்றன.

பழகுவதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பாறை நல்ல இடம். பைசன் கூட்டத்தை விரட்டி வந்து விளிம்பிலிருந்து கீழே விழவைக்கும் வேட்டைக்கு ஏறக்குறைய 6,000 ஆண்டுகள் பயன்பட்டது. 1981இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

படி 1: பாறைக்கு முதுகைக் காட்டுங்கள்

எல்லோரும் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். அங்கே புல்லும் தண்ணீரும் உள்ள பரந்த மேய்ச்சல் நிலம். கூட்டம் அங்கேதான் சேரும். கன்றுத்தோல் போர்த்திய ஒருவர் வழிதவறிய கன்றுபோல் நடித்து முன்னே இழுப்பார். ஓநாய்த்தோல் போர்த்தியவர்கள் பின்னாலிருந்து நெருக்குவார்கள்.

படி 2: சின்னக் கற்குவியல்களைத் தேடுங்கள்

முழங்கால் உயரம்கூட இருக்காது, புல்லுக்குள் மறைந்திருக்கும். ஒன்றைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. வரிசையாகத் தொடர்ந்து போனால், இரண்டு வரிசைகள் புனல்போலக் குறுகி விளிம்பை நோக்கி வருவது தெரியும். சில வரிசைகள் 10 கிலோமீட்டரையும் தாண்டும். வெறும் கல் மாட்டைத் தடுக்காது. வழியைக் குறித்தது, அவ்வளவுதான். விரட்டியது ஆட்கள்.

படி 3: கீழே இறங்கி அடுக்குகளைப் பாருங்கள்

பாறையடியில் எலும்பும் மண்ணுமாகச் சுமார் 10 மீட்டர் ஆழம் நிரம்பியிருக்கிறது. அப்படியானால் முதல் வேட்டைக்காரர்கள் பார்த்த பாறை இன்றையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரம்! அடியடுக்குகளில் எறியீட்டி முனைகள், மேலே வர வர சிறிய அம்பு முனைகள். பருவம் தெரிய வேண்டுமா? இளங்கன்றின் தாடையைப் பாருங்கள். கன்றுகள் பெரும்பாலும் வசந்தத்தில் பிறப்பதால், எந்தப் பல் எவ்வளவு முளைத்திருக்கிறது என்பதே மாதத்தைக் காட்டிவிடும்.

படி 4: எது அடியில், எது மேலே?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. உதாரணத்துக்குக் கொலராடோவின் ஓல்சன்-சபக் களத்துக்குப் போவோம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய ஓடைப்பள்ளத்தில் ஏறக்குறைய 190 பைசன்கள் விழுந்து நசுங்கின. அடியில் சிக்கியவற்றை யாரும் அறுக்கவில்லை, கை எட்டியிருக்காது. அறுத்தவற்றின் எலும்புகள் குவியல்களாகக் கிடந்தன: முன்னங்கால் கீழே, இடுப்பும் முதுகெலும்பும் அடுத்து, மண்டையோடு உச்சியில். முதலில் வெட்டியது அடியில் விழும் அல்லவா? அறுத்த வரிசை அப்படியே கிடைத்துவிட்டது. நாக்கெலும்புகள் மட்டும் எல்லா மட்டத்திலும் சிதறிக் கிடந்தன. வேலை நடக்கும்போதே நாக்கை எடுத்துத் தின்றிருக்கிறார்கள்!

படி 5: வெடித்த கற்களை ஒதுக்காதீர்கள்

குழி தோண்டி, தோல் விரித்து, தண்ணீர் ஊற்றி, சுட்ட கற்களைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். வெடித்த கற்கள் அந்தச் சமையலின் மிச்சம். எலும்பிலிருந்து கொழுப்பு மிதந்து வரும். காய்ந்த இறைச்சியை இடித்து அதோடு சேர்த்தால் பெம்மிக்கன், பல மாதம் கெடாத உணவு.

படி 6: எதையும் எடுக்காதீர்கள்

நியூ மெக்சிகோவின் ஃபோல்சமில் 1908 வெள்ளத்துக்குப் பிறகு ஜார்ஜ் மெக்ஜங்கின் என்ற கறுப்பினக் கௌபாய் விசித்திரமான பெரிய எலும்புகளைக் கண்டார். 1926இல் அங்கே தோண்டியபோது கல்முனைகள் தனியாகக் கைக்கு வந்தன, அறிஞர்கள் நம்பவில்லை. 1927இல் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்ததும் வேலையை நிறுத்தி, அதை அப்படியே விட்டுவிட்டு, நேரில் வந்து பாருங்கள் என்று தந்தி அடித்தார்கள். வந்து பார்த்தவர்கள், பனியுகப் பைசனை மனிதர்தான் கொன்றார் என்று ஒப்புக்கொண்டார்கள்.