சின்ன ரிசீவருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் ஐசி?

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் 7 மெகாஹெர்ட்ஸ் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர் (வரும் ரேடியோ அலையை நேரடியாகவே ஒலியாக மாற்றுவது) என்னுடையது. முன்பக்கம் என்இ612 மிக்ஸர் ஐசி, கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் எல்எம்386 ஆம்ப்ளிஃபயர் ஐசி. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால் ஸ்பீக்கர் 'டப டப' என்று அடிக்கும். அதற்குக் கீழே ஓயாத இரைச்சல்.

ஐசியை மாற்றச் சொல்லித்தான் பலரும் யோசனை கூறுவார்கள். கோளாறு ஐசியில் இல்லை. எல்எம்386இன் 1, 8 கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் அதன் பெருக்கம் 200 மடங்கு. ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் பேட்டரி மின்னழுத்தத்தை அசைக்க, அந்த அசைவு முன்பக்கத்துக்கே திரும்புகிறது. அந்தக் கெபாசிட்டரைக் கழற்றினேன். பெருக்கம் 20 ஆனது. குறைந்ததை ஈடுகட்ட, முன்னால் பிசி549 டிரான்சிஸ்டர் ஒன்று. முன்பக்கத்துக்கான சப்ளையை 100 ஓம், 100 மைக்ரோஃபாரட் வழியே வடிகட்டினேன். 7ஆம் காலில் 10 மைக்ரோஃபாரட். 5ஆம் காலிலிருந்து தரைக்கு (சர்க்யூட்டின் பொது நெகட்டிவ் இணைப்புக்கு) 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் தொடராக. 'டப டப' அடியோடு நின்றது. இரைச்சலும் நன்றாகத் தணிந்து, மெல்லிய மோர்ஸ் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கிறது.

பேட்டரியை மிச்சப்படுத்த பிஏஎம்8403 போன்ற கிளாஸ் டி ஐசிகளை (வேகமாக ஸ்விட்ச் ஆகியே ஒலியைப் பெருக்குபவை) நாடுவதை நான் ஏற்கமாட்டேன். பிஏஎம்8403 சுமார் 260 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. அதன் மடங்குகள் நேராக மீடியம் வேவில் வந்து விழும். மெல்லிய ஒலியில் கேட்பவருக்குச் செயல்திறனைவிடச் சும்மா இருக்கும்போது குடிக்கும் மின்னோட்டமே முக்கியம். எல்எம்386க்கு அது 4 மில்லியாம்பியர். எம்சி34119 என்ற இன்னொரு ஆம்ப்ளிஃபயர் ஐசிக்கு 3க்கும் குறைவு, 2 வோல்ட்டிலேயே வேலை செய்யும். ஆனால் அதன் இரண்டு வெளியீடுகளில் எதையும் தரையோடு இணைக்கக் கூடாது. ஹெட்ஃபோன் ஜாக்கைத் தரையோடு இணைந்த உலோகப் பெட்டியில் பொருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.